மூன்றாவது கல்லுக்கு மேலே போட்ட லைட்டு

அந்த லைட்டை அங்கே போடச் சொல்லிக் கேட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பிற்பாடு யார் யாரையோ திட்டிப் பார்த்தேன். இன்ஜினீயரைத் திட்டினேன், கடைக்காரர் சங்கத்தைத் திட்டினேன், மீன் வாங்க வந்த சனங்களைக்கூடத் திட்டினேன். திட்டி முடித்து வாய் வலித்த பிறகும், கேட்டவன் நான்தான் என்பது மாறவில்லை.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு பெரிய மார்க்கெட் கட்டடம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் தகரக் கூரை. பஸ் கண்டக்டரிடம் 'இரும்பு மார்க்கெட்' என்றால் போதும், வேறு அடையாளம் சொல்ல வேண்டாம். திருவொற்றியூர், எர்ணாவூர், பெரம்பூர் என்று எங்கிருந்தெல்லாமோ சீர்ப் பாத்திரம் வாங்கவும் மாச அரிசி வாங்கவும் அங்கேதான் வருவார்கள். முன்பக்கம் பாத்திரக் கடைகள், நடுவில் அரிசி பருப்பு மண்டிகள், கடைசியில் பின்வாசலை ஒட்டி மீன். கட்டடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இருட்டு. பட்டப்பகலில்கூட உள்ளே விளக்கு எரிந்தால்தான் எதிரே வருகிறவன் முகம் தெரியும்.

நான் அங்கே ஒயர்மேன். சங்கத்துக்கு இருந்த ஒரே ஒயர்மேன். மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, போன பல்பைக் கழற்றி நல்ல பல்பை மாட்டுவதுதான் நாள் முழுக்க வேலை. எல்லாம் குண்டு பல்பு, மேலே எனாமல் தட்டு. மஞ்சள் வெளிச்சம் கூரையிலிருந்து கீழே வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடும். 'இன்னா நைனா, லைட்டு அயுவுது' என்று சனங்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பல்பு அழுதால் நான் என்ன செய்ய?

மீன் பக்கத்தில் பன்னிரண்டு கல். கல் என்றால் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் மேடை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒருத்தி. மூன்றாவது கல் என் அக்காவுடையது. என் கூடப் பிறந்த ஒரே அக்கா. மாமா ஹார்பரில் மூட்டை தூக்கி இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார். மூன்று பிள்ளைகள். அந்தக் கல்தான் அவர்களுக்குச் சோறு.

கல்லுக்கு ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது. அந்தப் பொம்பளைகள் தங்களுக்குள்ளே வைத்திருந்த ஒரே சட்டம் இதுதான்: தொடர்ந்து ஏழு நாள் ஒருத்தியின் கூடை அந்தக் கல்லில் இறங்காவிட்டால் கல் போச்சு. வரிசையில் காத்திருக்கும் அடுத்தவள் உட்கார்ந்துவிடுவாள். காய்ச்சல், சாவு, கல்யாணம் எந்தச் சாக்கும் செல்லாது. அக்கா கடைசிப் பிள்ளையைப் பெற்றுப்போட்டு ஆறாம் நாள் காலையில் கூடையோடு வந்து இறக்கினாள். நின்றால் கால் நடுங்கியது. மற்றவர்கள் அவள் மீனை விற்றுக் கொடுத்து, ரிக்‌ஷா வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு பாசம் இருந்தாலும், ஏழாம் நாள் தாண்டியிருந்தால் அதே கைகள் அவளை எழுப்பிவிட்டிருக்கும். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது, சட்டம் என்றால் சட்டம்.

இப்படி இருக்கும்போதுதான் சங்கத்தில் விளக்கை மாற்றுவது என்று முடிவானது. சங்கத்துத் தலைவர் பெரிய பாத்திரக் கடைக்காரர், தெற்கத்திச் சீமைக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. பட்டணத்துக்குள்ளே புதுசு புதுசாகக் கடைகள் வெளிச்சம் போட்டுக் கூப்பிடுகின்றன, நம்முடைய வாடிக்கை பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குக் கவலை. மெயின் ரோட்டில் போட்டிருந்த மெர்குரி லைட்டைப் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்றார். ஒரு காண்டிராக்ட் கம்பெனியிலிருந்து இளவயசு இன்ஜினீயர் ஒருவர் வந்து, தரையில் காகிதத்தை விரித்து, எங்கெங்கே லைட்டு என்று வட்டம் போட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் வட்டம், நடுவில் வட்டம். மீன் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"சார், இங்க?" என்றேன்.

"அங்க பழைய பல்பே போதும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மீன் விற்கிறவள் என்றால் இளக்காரமா? என் அக்கா வருஷக்கணக்காக அந்த இருட்டில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கி மீன் அறுக்கிறாள், இரண்டு தடவை விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டாள், அவளுக்கு மட்டும் அழுகிற பல்பா? நேரே அண்ணாச்சி கடைக்குப் போய் நின்றேன். கெஞ்சினேன். அவர் செலவு, செலவு என்றார். நான் விடவில்லை. கடைசியில் என் புத்திசாலித்தனத்தை எல்லாம் திரட்டி ஒரு வழி சொன்னேன். "அண்ணாச்சி, ஒரே ஒரு மெர்குரி போட்டா போதும். அங்க கீற பன்னெண்டு பல்பையும் கயட்டிடலாம். பயைய ஒயர எடைக்குப் போட்டா அதுவே பாதி செலவுக்கு ஆவும். கரண்டும் மிச்சம்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏல, ஒனக்கு மூளையிருக்குல்லா. சரி, போட்டுருவோம்" என்றார்.

சந்தோஷத்தில் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். லைட்டு எங்கே தெரியுமா, உன் தலைக்கு நேர் மேலே, மூன்றாவது கல்லுக்கு மேலே, இடத்தை நானே பார்த்து வைத்துவிட்டேன் என்றேன். அக்கா கையில் இருந்த வஞ்சிரத்தை அப்படியே போட்டுவிட்டு, பதினொரு பேருக்கும் கேட்கும்படி கத்தினாள். "கேட்டுக்கங்கடி! என் தம்பி பேசி வாங்கிக் குடுத்துகிறான்!" அன்று முழுக்க எனக்கு இறால் வறுவல்தான். பழைய பல்புகளையும் ஒயரையும் நானே கழற்றி, நானே சுருட்டி, நானே எடைக்கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

லைட்டு போட்ட அன்று சாயங்காலம் கட்டடம் முழுக்கக் கூட்டம். அண்ணாச்சி சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. சனங்கள் 'ஊ' என்று கூச்சல் போட்டார்கள். மெர்குரி லைட்டு அப்படித்தான், சோக்கு என்கிற அதன் பெட்டி உறுமி, முதலில் மங்கலாகக் கண் விழித்து, பிறகுதான் மெல்ல மெல்ல ஏறும். ஐந்து நிமிஷத்தில் வெள்ளை வெளேரென்று கொட்டியது பாருங்கள், அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. எவர்சில்வர் குடங்கள் கண்ணைப் பறித்தன. அரிசி மல்லிகைப் பூ மாதிரி வெளுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் விசில் அடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு ஆரம்பித்தது. பொம்பளைகள் நெற்றியில் வைத்திருந்த குங்குமம் கறுப்பாகத் தெரிந்தது. வெற்றிலை போட்ட வாய்கள் மை தின்ற மாதிரி இருந்தன. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் காட்டி, "அய்ய, நீ பொணம் மாதிரி கீற", "நீ மட்டும் இன்னா அயகா கீறியா" என்று கிண்டல். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனேன்.

அக்கா சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளிடம் இருந்தது சங்கரா மீன். காசிமேட்டுக் கரையில் சூரியன் உதிக்கிற நேரத்தில் வாங்கிய, சிவந்து மினுமினுக்கிற சங்கரா. லைட்டுக்குக் கீழே அது சாம்பல் பூசிய மாதிரி கிடந்தது.

"இன்னாடா இது?" என்றாள்.

நான் ஒரு மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்தேன். உள்ளே கறுப்பு. இன்னொன்று. அதுவும் கறுப்பு.

மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துச் சனங்கள் மீனைப் பார்க்க மாட்டார்கள், செவுளைத்தான் பார்ப்பார்கள். தூக்கி, விரலால் நெம்பி, ரத்தச் சிவப்பாக இருந்தால்தான் பேச்சே. கொஞ்சம் கறுத்திருந்தால் நேற்று மீன், கலீஜ், போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அன்று சாயங்காலம் வழக்கமாக வருகிற பெரம்பூர் ரயில்வேக்காரர் வீட்டம்மா வந்தாள். செவுளை நெம்பினாள். அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, இத்தினி வருசமா உன்னாண்ட வாங்குறேன். எனக்கே இப்பிடியா?" என்று கேட்டுவிட்டு மீனைக் கல்லில் போட்டாள். அக்கா எழுந்து அவள் பின்னாலேயே ஓடினாள். "யம்மா, லைட்டும்மா, லைட்டு அப்பிடி காட்டுது, வெளிய வந்து பாரும்மா!" வெளியே இருட்டிவிட்டிருந்தது. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலை நேரத்தில் பின்வாசல் வரைக்கும் மீனைத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் காட்டலாம். காட்டினார்கள். ஒரு மீனைக் காட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் கல்லில் இருந்த இரண்டு மீன் காணாமல் போயிருக்கும். வாசலில் காக்கா வேறு. சாயங்கால வியாபாரம் சுத்தமாகப் படுத்துவிட்டது. விற்காத மீனை அக்கா உப்புப் போட்டுக் கருவாடாகக் காய வைத்தாள். அந்த வீட்டில் காலையும் கருவாடு, ராத்திரியும் கருவாடு. பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஓடிவந்து, "மாமா, லைட்ட நிறுத்திட்டியா?" என்று கேட்கும்.

இன்ஜினீயர் பாக்கி வேலையைப் பார்க்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அந்த லைட்டில் சிவப்பே கிடையாதாம்.

"இன்னா சார் கத வுடறீங்க, வெள்ளையா எரியுதே, எல்லா கலரும் சேந்ததுதான வெள்ள?"

"பாக்க வெள்ளை. அதுக்குள்ள சிவப்பு இல்லை. லைட்டுல இருந்தாத்தான் பொருள்ல தெரியும். நீங்க என்ன செஞ்சாலும் செவுள் கறுப்பாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு, "இதெல்லாம் ரோட்டுக்குப் போடற லைட்டுங்க. மீன் மேல போடுவாங்கன்னு நான் கனவா கண்டேன்? என் பிளான்ல அங்க இல்லையே" என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

அண்ணாச்சியிடம் போனேன். பழைய பல்பையே போட்டுவிடலாம் என்றேன். "ஏல, நீதான வந்து நின்ன? நீதான பல்ப கழத்தலாம்னு யோசன சொன்ன? இப்ப வேண்டாம்னு சொல்லுத. வெளையாடுதியா?" என்றார். அந்த லைட்டை மட்டும் அணைக்கவும் வழியில்லை. மண்டிகளும் மீன் பக்கமும் ஒரே லைனில் இருந்தன, அணைத்தால் பாதிக் கட்டடம் அணையும். மண்டிக்காரர்கள் கொன்றுபோடுவார்கள், அவர்களுக்கு அரிசி வெளுப்பாகத் தெரிந்து வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. "செத்த பொறுத்துப் பாரு, சனம் பழகிரும்" என்று சொல்லி அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்.

பொறுக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் மண்டி லைனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, அக்கா கல்லுக்கு மேலே தூணில் ஒரு நூறு வாட் பல்பைக் கட்டினேன். தலைக்கு ஒரு முழம் மேலே. சங்கரா உடனே சிவந்தது. அன்றைக்கு அக்கா எல்லா மீனையும் விற்றுவிட்டு, வெறுங்கூடையைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பதினொரு பேரும் என்னை வளைத்துக்கொண்டார்கள். "ஏன்டா, உங்க அக்கா மீனு மட்டும் உசுரோட கீது, எங்க மீனு செத்துப்பூச்சா?" அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? இரண்டாவது கல்லுக்குக் கட்டினேன், ஐந்தாவது கல்லுக்குக் கட்டினேன், மூன்று நாளில் பன்னிரண்டும் எரிந்தது. நான்காம் நாள் சாயங்காலம், நல்ல வியாபார நேரத்தில், மெயின் ஃப்யூஸ் புஸ்ஸென்று போய்க் கட்டடம் மொத்தமும் இருண்டது. ஃப்யூஸை நான் இரண்டு நிமிஷத்தில் கட்டிவிட்டேன். ஆனால் மெர்குரி லைட்டு அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும், அதற்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் முன்பக்கம் குடம் உருளுகிற சத்தம், ஒருவரை ஒருவர் மிதிக்கிற கூச்சல், குழந்தைகள் அழுகை. வெளிச்சம் வந்தபோது அண்ணாச்சி என் முன்னால் நின்றார். கத்தவில்லை. "இப்பவே அத்தனையும் அறுத்துப் போடு. இல்ல, ஏணிய வச்சுட்டு நீ கெளம்பு" என்றார்.

எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம். நான் கட்டிய பன்னிரண்டு ஒயரையும் நானே அறுத்தேன். மூன்றாவது கல்லுக்கு வந்தபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், என் காலுக்கு இடம் விட்டுக் கூடையை நகர்த்திக் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் கேசரிப் பவுடர் வந்தது. யார் முதலில் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியாது. பலகாரத்துக்குப் போடுகிற அந்தச் சிவப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, விரலால் செவுளுக்குள் தடவுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சிவப்பு குறைந்தால் சிவப்பைப் பூசு. இதைவிட நியாயமான யோசனை உண்டா? ஆனால் அந்த லைட்டில்தான் சிவப்பே கிடையாதே. பூசப் பூச இன்னும் கறுத்தது. கறுக்கக் கறுக்க, போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பூசினார்கள்.

அக்கா ரொம்ப நாள் அதைத் தொடவில்லை. நல்ல மீனுக்குச் சாயம் பூசுவது கேவலம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் கை நகங்களைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் கறுப்பு.

"யக்கா, வேணாம்க்கா. எம்மாம் பூசினாலும் கருப்பாத்தான் தெரியும். இன்ஜினீரு சொன்னாரு."

"அப்ப இன்னாதான் பண்றது, நீயே சொல்லு."

ஏணியைத் தூணில் சாய்த்து வைத்தேன்.

"புள்ளிங்க கருவாட்டத் துன்னு துன்னு வாயெல்லாம் புண்ணா பூட்ச்சுடா. கையில கீறத செய்யாம சும்மா குந்திகினு இருக்கச் சொல்றியா?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் எப்போதும் முன்வாசல் வழியாகத்தான் வருவார். அவர் பாத்திரக் கடைகளைத் தாண்டி வருவதற்குள் சேதி பின்னால் வந்துவிடும், சாயத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்துவிடுவார்கள். அன்று காலை எதனாலோ பின்வாசல் வழியாக நுழைந்தார். பின்வாசலிலிருந்து வந்தால் முதலில் அகப்படுவது மூன்றாவது கல், ஒன்றும் இரண்டும் தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தன. அக்காவின் கல்லிலிருந்து ஒரு மீனைத் தூக்கி வெயிலுக்குக் கொண்டுபோனார். செவுளைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லைட்டுக்குக் கீழே அட்டைக் கறுப்பாக இருந்தது, வெயிலில் கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டு மாதிரி இருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா, மீனுக்கு லிப்ஸ்டிக்கா?"

மற்ற பதினொரு பேரும் அதற்குள் துடைத்து முடித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டவள் அக்கா ஒருத்திதான். கூடை மீன் மொத்தத்தையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் குழியில் கொட்டச் சொன்னார். பத்து நாளைக்கு அவள் கூடை இந்தக் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அவர் பின்னாலேயே தெரு முனை வரைக்கும் போனேன். சார், லைட்டு சார், இந்த லைட்டைப் போட்டவனே நான்தான் சார் என்றேன். அவர் நல்ல மனுஷர்தான். "சாயத்த லைட்டா பூசிச்சு?" என்று கேட்டார். "உன் அக்கான்னுதான் பத்து நாளோட விட்டேன். இன்னொருத்தரா இருந்தா ஒரு மாசம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

பத்து நாள் போதுமே. ஏழு நாளிலேயே கல் போய்விடுமே.

கல்லுக்குக் காத்திருப்பவர்களின் வரிசையை வைத்திருந்தவள் முதல் கல்லில் உட்காருகிற கிழவி, எல்லாருக்கும் பெரியம்மா. அவளிடம் போய் உட்கார்ந்து அழாத குறையாகக் கேட்டேன். எல்லாரும்தான் பூசினீர்கள், அவளை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன். பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, தூண் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒருத்தி நின்றிருந்தாள். புருஷன் போனவள், திருவொற்றியூர்க்காரி, நான்கு வருஷமாக ஒரு கல்லுக்குக் காத்திருக்கிறவள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று பிள்ளை. "அவளாண்ட போயி நீ சொல்லு. நான் இன்னான்னு சொல்றது?" என்றாள் பெரியம்மா. அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏழாம் நாள் காலையில் எனக்கு ஒரு வெறி வந்தது. காசிமேட்டுக்குப் போய், விடியற்கால ஏலத்தில் நின்று, தெரியாத்தனமாக ஏமாந்து ஒரு கூடை கானாங்கெளுத்தி வாங்கினேன். அக்காவின் கூடை என்றால்தானே தடை. இது என் கூடை, நானும் அவள் ரத்தம்தானே என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டு, தலையில் தூக்கிவந்து மூன்றாவது கல்லில் இறக்கினேன். சட்டையெல்லாம் மீன் தண்ணீர். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. நான்காவது கல்லுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியம்மா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். "ஆம்பள எறக்குனா செல்லாது நைனா. உனுக்கும் தெரியும். எந்திரி, தூக்கிகினு போ" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அவளே கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை அந்தத் திருவொற்றியூர்க்காரி பிடித்தாள். இரண்டு பேருமாக மெதுவாகத் தூக்கிப் பின்வாசலில் வெயிலில் வைத்தார்கள்.

எட்டாம் நாள் அந்தப் பெண்ணின் கூடை மூன்றாவது கல்லில் இறங்கியது.

அக்கா அதன் பிறகு கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போக ஆரம்பித்தாள். ராயபுரத்தில் தெரிந்தவர்கள் முகத்தில் முழிக்க வெட்கம், எர்ணாவூர்ப் பக்கம் போனாள். போகவர அத்தனை தூரம், காலில் செருப்பு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பார்த்தபோது, நான் ஆரம்பித்தேன். "யக்கா, நான் வாய வச்சிகினு சும்மா இருந்திருந்தா..."

அவள் கையை நீட்டி நிறுத்தினாள். "வுடு. எனுக்கு நல்லது பண்ணத்தான பண்ண. ஊருக்கே தெரியும்." பிறகு, "ஒண்ணு மட்டும் கேக்கறேன், செய்வியா?" என்றாள்.

"சொல்லுக்கா."

"அந்தக் கல்லுக்கு மேல கீற லைட்டு எப்பனா பூட்ச்சின்னா, நீ ஏறி மாட்டாத. வேற யாரனா வுட்டு மாட்டச் சொல்லு. அவளுக்கு நீ வெளிச்சம் போட்டன்னு நான் கேக்கக் கூடாது. அம்மாந்தான்."

செய்கிறேன் என்றேன். கோயில் வாசலில் நின்று சொன்னேன்.

அண்ணாச்சி சொன்ன மாதிரியே மூன்று நான்கு மாசத்தில் சனங்களுக்குப் பழகிவிட்டது. அந்த மார்க்கெட்டில் செவுள் கறுப்பாகத்தான் தெரியும், மீனைத் தொட்டு அழுத்திப் பார்த்து வாங்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கேசரிப் பவுடர் நின்றுபோனது. சாயங்கால வியாபாரம் திரும்பி வந்தது. பெரம்பூர் வீட்டம்மாகூட வந்து மூன்றாவது கல்லில் பேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் ஆரம்பித்த வாரத்தில் அந்த லைட்டு போய்விட்டது. அண்ணாச்சியிடம் போய், எனக்குத் தோள் வலி, வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒரு லைட்ட மாட்ட வெளியாளா? அப்ப ஒனக்கு எதுக்குல சம்பளம்?" என்றார். பின்பக்கம் போனேன். இருட்டில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், மீன் ஒன்றும் விற்கவில்லை. திருவொற்றியூர்க்காரி சின்னப் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கிக் கல்லில் உட்கார வைத்துவிட்டு, ஏணி வழுக்காமல் இருக்க அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து ஏறு தம்பி" என்றாள்.

ஏறினேன்.